லித்தியம் பேட்டரிக்குக் கட்டாயச் சான்று: எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. பவர் பேங்க், தலையில் மாட்டும் டார்ச், சோலார் விளக்கு, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி எல்லாம் விற்கிறோம், பழுதும் பார்க்கிறோம். காவேரிப்பட்டணம், பர்கூர், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை என்று பல ஊர்களில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். சான்று பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வாங்கும்போது கவுன்டரில் நின்று பேச நேரம் இருப்பதில்லை. வீட்டுக்குப் போய் நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான்.

எந்த பேட்டரிக்கு அரசுச் சான்று கட்டாயம்?

கையில் எடுத்துப் போகும் கருவிகளில் இருக்கும், திரும்பத் திரும்ப சார்ஜ் போடக்கூடிய லித்தியம், நிக்கல் செல்களுக்கும் அவற்றால் கட்டிய பேட்டரிகளுக்கும் கட்டாயம். செல்போன், லேப்டாப், பவர் பேங்க், ப்ளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றின் உள்ளே இருப்பது இந்த வகைதான்.

2012 அக்டோபரில் மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை ஓர் ஆணை போட்டது. பட்டியலில் உள்ள பொருட்களை இந்திய தர நிர்ணய அமைவனத்தில், அதாவது பிஐஎஸ்ஸில், பதிவு செய்யாமல் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்பது அதன் சாரம். முதல் பட்டியலில் லேப்டாப், டிவி, அடாப்டர் எல்லாம் இருந்தன, செல்லும் பேட்டரியும் இல்லை. 2014 நவம்பரில் பட்டியலை நீட்டியபோதுதான் செல், பேட்டரி, பவர் பேங்க், செல்போன் எல்லாம் சேர்ந்தன. 2021-இல் பழைய ஆணையை எடுத்துவிட்டுப் புதிய ஆணை வந்தது. கட்டாயம் மட்டும் மாறவில்லை.

பேட்டரிக்கான தரநிலையின் எண் ஐஎஸ் 16046. 2018-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். பகுதி 1 நிக்கல் வகைக்கு, பகுதி 2 லித்தியத்துக்கு. ஐஇசி 62133 என்ற உலகத் தரநிலையை ஒட்டியே இது எழுதப்பட்டிருக்கிறது.

ஸ்கூட்டர் பேட்டரி இந்தக் கணக்கில் வராது. அதற்குத் தனிச் சட்டம், கீழே சொல்கிறேன்.

அந்த எண் எங்கே இருக்கும்? எப்படி இருக்கும்?

பிஐஎஸ் முத்திரை ஒன்று இருக்கும். அதற்கு மேலே ஐஎஸ் எண், கீழே ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க எண். நாங்கள் சுருக்கமாக "ஆர் நம்பர்" என்போம். பேட்டரியின் மேலேயே அச்சாகி இருக்கும். இடம் போதாத சின்ன செல் என்றால் பெட்டியில் இருக்கும். செல்போனில் செட்டிங்ஸுக்குள் போனால் திரையிலேயே பார்க்கலாம்.

பவர் பேங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு "16046 இல்லையே, வேறு எண் போட்டிருக்கிறதே" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். பவர் பேங்க் முழுப் பொருளாக ஐஎஸ் 13252-இன் கீழ் பதிவாகிறது, புதிதாக வருபவற்றில் 62368 என்ற எண்ணும் வரும். அதற்குள்ளே இருக்கும் செல்லுக்குத் தனியாக 16046 பதிவு இருக்க வேண்டும்.

எண் அச்சிட்டிருந்தால் போதுமா?

போதாது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனது கனக்கிறது.

கடை ஆரம்பித்த புதிதில் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் பவர் பேங்க் வாங்கி விற்றேன். பெட்டி பளபளப்பாக இருந்தது, ஆர் நம்பரும் இருந்தது. சந்தூர் பக்கத்து மாந்தோப்பில் காவலுக்குப் படுக்கும் பெரியவர் ஒருவர் வாங்கிப் போனார். மூன்று மாதத்தில் பொங்கலுக்குப் பானை பொங்கியது போல உப்பிய ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தினமும் தூங்கினாராம். அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். அது வேறொரு நிறுவனம் செல்போன் அடாப்டருக்கு வாங்கிய எண். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மீதிச் சரக்கைத் திருப்பி அனுப்பினேன். விற்ற மற்ற ஐந்தாறு பேரையும் தேடிப் போய் வாங்கி வந்தேன்.

அதனால் எண்ணைச் சரிபாருங்கள். பிஐஎஸ் கேர் என்ற செயலி இலவசம். அதில் ஆர் நம்பரைத் தட்டுவதற்குத் தனி இடம் இருக்கிறது. தட்டியதும் யாருடைய பதிவு, எந்தத் தொழிற்சாலை, என்ன பொருள், என்ன பிராண்டு, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். கையில் இருக்கும் பெட்டியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பொருள் பெயர் மாறினாலும் பிராண்டு மாறினாலும் அந்த எண் உங்கள் பேட்டரிக்கு உரியதில்லை.

தொழிற்சாலையும் முக்கியம். இந்தப் பதிவு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஒரே கம்பெனி இரண்டு ஊரில் தயாரித்தால் இரண்டு இடத்துக்கும் தனித்தனிப் பதிவு. வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கும் அப்படித்தான், அவர்கள் சார்பில் பொறுப்பேற்க இந்தியாவில் ஒரு பிரதிநிதியும் வேண்டும்.

பெட்டியில் சிஇ முத்திரை இருக்கிறது. அது போதாதா, அண்ணா?

சிஇ ஐரோப்பியச் சந்தைக்கு. எஃப்சிசி அமெரிக்காவுக்கு. இந்தியாவில் விற்க இரண்டும் செல்லாது. ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடவும் வேண்டாம். அது பிஐஎஸ்ஸின் இன்னொரு திட்டம், அதிகாரிகள் தொழிற்சாலைக்கே வந்து பார்த்துக் கொடுப்பது. பேட்டரிக்கு உள்ளது பதிவுத் திட்டம். தயாரிப்பாளர் மாதிரியை பிஐஎஸ் ஏற்ற ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கையை வைத்து, "என் பொருள் தரநிலைப்படி இருக்கிறது" என்று தானே உறுதி சொல்லிப் பதிவு வாங்குகிறார்.

ஆய்வகத்தில் அப்படி என்னதான் செய்வார்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் எனக்குச் சந்தோஷம். நம் ஊர் வெயிலிலும் பையிலும் பேட்டரி படும் பாட்டை அந்தச் சோதனைகளில் பார்க்கலாம்.

முழு சார்ஜ் ஏறிய செல்லை ஏழு நாள் தொடர்ந்து சார்ஜிலேயே விட்டு வைப்பார்கள். ராத்திரி முழுக்க சார்ஜரில் கிடக்கும் நம் போன் மாதிரி, இன்னும் கடுமையாக. ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து கெட்டியான தரையில் மூன்று முறை போடுவார்கள். சட்டைப் பையில் இருந்து குனியும்போது விழுமே, ஏறக்குறைய அந்த உயரம். இரண்டு முனைகளையும் நேராக இணைத்து ஷார்ட் செய்வார்கள். செல்லுக்கு இந்தச் சோதனை 55 டிகிரி சூட்டில் நடக்கும். இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து 13 கிலோ நியூட்டன் விசையில் நசுக்குவார்கள், ஏறத்தாழ 1,300 கிலோ பாரம். அடுப்பு போன்ற அறையில் வைத்து மெல்ல மெல்ல 130 டிகிரி வரை ஏற்றுவார்கள். பிளாஸ்டிக் கூடு உள்ள பேட்டரியை 70 டிகிரியில் 7 மணி நேரம் வைத்துக் கூடு விரிசல் விட்டு உள்ளே இருக்கும் செல் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதிர்வு உண்டு. அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றுவதும், காலியான செல்லை வலுக்கட்டாயமாக எதிர்த்திசையில் ஓட்டுவதும் உண்டு.

எதிர்பார்ப்பு ஒன்றுதான்: தீப்பிடிக்கக் கூடாது, வெடிக்கக் கூடாது. சில சோதனைகளில் கசியவும் கூடாது. சோதனைக்குப் பிறகு அந்த செல் வேலை செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அது செத்துப் போகலாம், ஆளைக் கொல்லக் கூடாது.

இந்தச் சோதனைகளில் சார்ஜ் போடும் வெப்ப வரம்பாகப் பொதுவாக 10 முதல் 45 டிகிரி வரை எடுத்துக்கொள்கிறார்கள். சித்திரை மாதத்தில் நம் பக்கத்துத் தகரக் கூரை வீட்டு மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். 45-க்கு அதிக தூரம் இல்லை.

சான்று இருந்தால் தீப்பிடிக்கவே பிடிக்காதா?

அப்படி நான் சொன்னால் பொய். சோதிப்பது மாதிரியை. நீங்கள் வாங்குவது அதே வரிசையில் வந்த இன்னொன்று. தயாரிப்பில் ஒரு சிறு பிசகு போதும். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போனை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள், தயாரிப்பையும் நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே காரணம் சொன்னது: ஒருவர் கொடுத்த பேட்டரியில் மூலையில் மின்தகடு வளைந்திருந்தது, இன்னொருவர் கொடுத்ததில் வெல்டிங்கில் பிசிறு. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இது நடந்தது.

அப்போது சான்று எதற்கு என்றால், அடிப்படை வடிவமைப்பு ஒரு மிதியைத் தாங்கும், ஒரு ஷார்ட்டைத் தாங்கும் என்று யாரோ பார்த்திருக்கிறார்கள். ஏதாவது ஆனால் பொறுப்பைச் சுமக்க ஒரு பெயரும் முகவரியும் இருக்கிறது. சான்று இல்லாததில் இரண்டும் இல்லை.

செல்லுக்குச் சான்று இருக்கிறது. அதை வைத்து லோக்கலில் கட்டிய பேட்டரி பேக்குக்கும் அது பொருந்துமா?

பொருந்தாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சான்று சோதித்த பொருளுக்கு மட்டும்தான். செல் சோதனையில் தேறியது உண்மையாகவே இருக்கட்டும். அந்தச் செல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் அடித்து, பிஎம்எஸ் போர்டு (சார்ஜ் அளவு தாண்டாமல் பார்த்து வெட்டிவிடும் காவல் சுற்று) ஒன்றை ஒட்டி, நீல நிற ஷ்ரிங்க் உறை சுற்றியதும் அது புதிய பொருள். வெல்டிங் சூடு அதிகமாகி செல்லின் அடி ஓட்டையாகியிருக்கலாம். பட்டை மெல்லியதாக இருந்து சூடாகலாம். பழைய செல்லும் புது செல்லும் கலந்திருக்கலாம். சார்ஜ் ஏறும்போது பலவீனமான செல்தான் முதலில் நிறையும், அதை பிஎம்எஸ் தனியாகக் கவனிக்காவிட்டால் அந்த ஒரு செல் அளவு தாண்டிவிடும். இதில் எதையும் செல்லுக்கு வாங்கிய சான்று பார்த்திருக்காது. அதனால்தான் செல்லுக்கும் தனிப் பதிவு, அந்தச் செல்களை வைத்துக் கட்டிய பேட்டரிக்கும் தனிப் பதிவு என்று வைத்திருக்கிறார்கள்.

பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து எடுத்த 18650 செல்களில் பேக் கட்டித் தருகிறவர்கள் உண்டு. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அவர்களில் கைநேர்த்தி உள்ளவர்களை எனக்குத் தெரியும், அவர்களைத் தாழ்த்திப் பேச மாட்டேன். ஆனாலும் நான்கு வருடம் யாரோ ஓட்டிய செல்லின் உள்ளே என்ன நிலை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பவருக்கு அப்படி ஒரு பேக்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சார்ஜர் தொலைந்துவிட்டது. பக்கத்து வீட்டு சார்ஜரின் செருகு முனை பொருந்துகிறது, அதைப் போடலாமா?

தயவு செய்து வேண்டாம். ஸ்கூட்டர் சார்ஜர் என்றால் இன்னும் வேண்டாம்.

கணக்கோடு சொல்கிறேன். லித்தியத்தில் நம் கடைக்கு வருபவை முக்கியமாக இரண்டு வகை. என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது) செல் ஒன்றை 4.2 வோல்ட் வரை ஏற்றலாம். எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட் கலந்தது) செல் ஒன்றை 3.65 வோல்ட் வரை ஏற்றலாம். இரண்டு வகையிலும் "48 வோல்ட் பேட்டரி" என்று விற்கிறார்கள். என்எம்சியில் 13 செல் வரிசை, முழு சார்ஜ் 54.6 வோல்ட். எல்எஃப்பியில் 16 செல் வரிசை, முழு சார்ஜ் 58.4 வோல்ட். பெயர் ஒன்று, செருகு முனையும் பல நேரம் ஒன்றேதான். 58.4 வோல்ட் சார்ஜரை எடுத்து 13 செல் பேக்கில் மாட்டினால் செல் ஒன்றுக்கு ஏறக்குறைய 4.5 வோல்ட் போகும். பிஎம்எஸ் நல்லதாக இருந்தால் வெட்டிவிடும். மலிவானதாக இருந்தால், அல்லது ஏற்கெனவே கருகியிருந்தால், தடுக்க ஒன்றும் இல்லை.

சார்ஜரின் முதுகில் அவுட்புட் வோல்ட் அச்சாகியிருக்கும். பேட்டரி லேபிளில் உள்ள சார்ஜ் வோல்ட்டோடு அது அப்படியே ஒத்துப்போக வேண்டும். தெரியவில்லை என்றால் இரண்டையும் கடைக்கு எடுத்து வாருங்கள், மீட்டர் வைத்துப் பார்த்துத் தருகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.

தலையில் மாட்டும் டார்ச்சில் 9,800 எம்ஏஹெச் செல் என்று போட்டிருக்கிறது. நல்லதுதானே?

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் ராத்திரிக் காவல் இருப்பவர்கள் அதிகம் வாங்குவது இதுதான். எம்ஏஹெச் என்பது செல்லில் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதற்கான அளவு. 18650 அளவுள்ள நல்ல செல்லில் சாதாரணமாக 1,500 முதல் 3,500 வரைதான் இருக்கும். அந்தச் சின்னக் குழாய்க்குள் 9,800 கொள்ளாது. லேபிளில் இவ்வளவு பெரிய பொய்யை அச்சடித்தவர், உள்ளே பாதுகாப்பில் உண்மையாக இருந்திருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை. தலையில் கட்டிக்கொள்ளும் பொருள் அது.

பவர் பேங்கில் வரும் சந்தேகம் வேறு. 10,000 எம்ஏஹெச் என்று வாங்கினால் போனுக்கு அவ்வளவு வராது. செல் 3.7 வோல்ட், வெளியே போவது 5 வோல்ட், மாற்றும்போது குறையும், சூடாகவும் கொஞ்சம் போகும். ஆறாயிரத்துச் சொச்சம் வந்தாலே சரியான சரக்கு. அதை மோசடி என்று நினைக்க வேண்டாம்.

பவர் பேங்கை பெங்களூரு விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் மட்டும். எம்ஏஹெச்சை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட் மணி வரும். 100 வரை சரி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட் மணிதான். ஆனால் லேபிளில் அளவு அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிக்கு என்ன சான்று?

ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று நம் மாவட்டமே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மாவட்டம் ஆகிவிட்டது. ஷிப்ட் முடிந்து ராத்திரி ஸ்கூட்டரில் திரும்புகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வாகனம் என்பதால் இது மோட்டார் வாகன விதிகளின் கீழ் வருகிறது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிக்கான தரநிலை ஏஐஎஸ் 156. கார், பஸ் போன்றவற்றுக்கு ஏஐஎஸ் 038. புணேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் சோதித்துச் சான்று தருகின்றன.

2022 வெயில் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. மார்ச் மாதத்தில் நம் பக்கத்து வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் ராத்திரியில் பற்றிக்கொண்டது, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நிபுணர் குழு வைத்து விதிகளைக் கடுமையாக்கியது. இரண்டு கட்டமாக, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் அவை நடைமுறைக்கு வந்தன. செல், பிஎம்எஸ், வண்டியிலேயே உள்ள சார்ஜர், பேக்கின் வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் கூடுதல் நிபந்தனைகள் வந்தன. ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் தீ அடுத்த செல்லுக்குத் தாவுகிறதா என்ற சோதனையும் வந்தது. என் பார்வையில் அதுதான் பெரிய மாற்றம். ஒரு செல் எரிவதைத் தாங்கலாம், நூறு செல்லும் வரிசையாக எரிவதைத் தாங்க முடியாது.

பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் வண்டி எந்த மாதம் தயாரானது என்று பாருங்கள். 2023 மார்ச்சுக்கு முந்தியது என்றால் விலை பேசும்போது அதையும் மனதில் வையுங்கள். பேட்டரி இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று அவசியம் கேளுங்கள். கம்பெனி பேட்டரியைக் கழற்றிவிட்டு வேறு பேக் வைத்த வண்டிக்கு ஏஐஎஸ் 156 சான்று பேச்சுக்குக்கூட மிஞ்சாது. வாரண்டியும் போகும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

25 கிலோமீட்டர் வேகத்துக்குள் போகும் வண்டிக்கு ஆர்சி, லைசென்ஸ் வேண்டாமே. அப்போது சான்றும் வேண்டாமா?

மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25-க்குக் கீழே என்றால் அது மோட்டார் வாகனம் இல்லை. ஆனால் அந்த வரம்புக்குள் இருக்கிறது என்று சோதனை நிறுவனம் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்த ஒப்புதல் நகலைக் கடைக்காரரிடம் கேளுங்கள். "ஒரு வயரைப் பிடுங்கினால் 45 போகும்" என்று ஆசை காட்டி விற்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த பேட்டரியும் பிஎம்எஸ்ஸும் அந்த வேகத்துக்கு இழுக்கும் கரண்டுக்காகக் கட்டப்பட்டவை இல்லை.

நான் சின்னக் கடைக்காரன். பதிவு கம்பெனிதானே எடுக்க வேண்டும், எனக்கு என்ன?

பதிவு எடுப்பது தயாரிப்பாளர்தான். ஆனால் 2016-ஆம் ஆண்டின் பிஐஎஸ் சட்டம் விற்பனையையும் சேர்த்தே தடுக்கிறது. விற்பதற்காகக் கடையில் அடுக்கி வைப்பதும் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தில் எழுதியுள்ள தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறை குறைந்தது 2 லட்சம், அடுத்த முறை குறைந்தது 5 லட்சம் அபராதம். சரக்கு மதிப்பின் பத்து மடங்கு வரை அபராதம் போகலாம். நம் மாதிரிக் கடைக்கு 2 லட்சம் என்பது ஒரு வருடத்து உழைப்பு.

பில் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். பெட்டி வந்ததும் ஆர் நம்பரைச் செயலியில் தட்டிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள். ஒரு மாடலுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

ஓசூரில் பேக் கட்டி என் சொந்தப் பிராண்டில் விற்க ஆசை. என்ன செய்ய வேண்டும்?

நல்ல ஆசை. முறையாகச் செய்யுங்கள். கையில் எடுத்துப் போகும் கருவிகளுக்கான பேட்டரி என்றால் முதலில் பதிவு பெற்ற செல்லையே வாங்குங்கள். பேட்டரியின் படம், சுற்று, எந்த செல், எந்த பிஎம்எஸ், எந்த வயர் என்ற விவரங்களோடு மாதிரிகளை பிஐஎஸ் ஏற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாள் சார்ஜ் போன்ற சோதனைகள் இருப்பதால் வாரக் கணக்கில் ஆகும். அறிக்கை வந்ததும் பிஐஎஸ் இணையதளத்தில் விண்ணப்பம், தொழிற்கூட உரிம ஆவணம், பிராண்டின் வர்த்தக முத்திரை ஆவணம் எல்லாம் ஏற்ற வேண்டும். பதிவு முதலில் 2 ஆண்டுக்குக் கிடைக்கும், பிறகு புதுப்பிக்கலாம்.

பலர் சறுக்குவது பதிவு கிடைத்த பிறகு. "அந்த செல் இப்போது கிடைக்கவில்லை, விலை ஏறிவிட்டது" என்று வேறு செல்லைப் போட்டு அதே ஆர் நம்பரை அச்சடிப்பார்கள். அறிக்கையில் இல்லாத செல் உள்ளே போனால் மறுபடி சோதித்துப் பதிவில் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் அச்சடித்த எண் பொய் எண்தான். பிஐஎஸ் சந்தையில் இருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பதும் உண்டு.

பேட்டரி உப்பிவிட்டது. குத்திக் காற்றை எடுத்தால் சரியாகுமா?

குத்தவே குத்தாதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு, குத்தும் ஊசியே உள்தகடுகளை ஷார்ட் செய்துவிடும். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மண் போட்ட இரும்பு வாளியில் வைத்து, வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள்.

எரிந்தால் தண்ணீர் ஊற்றலாமா?

போன், பவர் பேங்க் என்றால் ஊற்றலாம், நிறைய ஊற்ற வேண்டும். லித்தியம் அயனில் உலோக லித்தியம் கட்டியாக இல்லை, தண்ணீர் சூட்டைக் குறைக்கும். சுவரில் செருகியிருந்தால் முதலில் மெயினை அணையுங்கள். ஸ்கூட்டர் பேட்டரி என்றால் கிட்டே போகாதீர்கள். ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், 101 அல்லது 112-க்கு அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயு இருக்கும். அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றும், அதை உள்ளே எடுத்து வராதீர்கள்.

இன்னொன்று. நம் ஊர் வீடுகளில் வாசல் ஒன்றுதான். ஸ்கூட்டரை அந்த வாசலில் நிறுத்தி, சார்ஜ் போட்டு, கதவைச் சாத்திவிட்டு உள்ளே தூங்குகிறோம். வெளியே போகும் ஒரே வழியை அடைத்துக்கொண்டு சார்ஜ் போடாதீர்கள். மாட்டுக் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி, நிழலான இடத்தில், கண் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு செருகாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடலாமா?

கூடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுக்கச் சொல்கின்றன. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. குப்பை வண்டியில் மிதித்து அமுக்கும் தூய்மைப் பணியாளரின் காலடியில்தான் நீங்கள் எறிந்த பேட்டரி நசுங்கும். எங்கள் கடையில் எந்தப் பிராண்டாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம், எங்களிடம் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

போலி எண் என்று தெரிந்தால் எங்கே புகார் சொல்வது?

பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பணமும் நஷ்டமும் திரும்ப வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கிருஷ்ணகிரியிலும் உண்டு, தருமபுரியிலும் உண்டு. வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பில், பெட்டி, ஆர் நம்பர் தெரியும்படி எடுத்த படம், செயலி காட்டிய விவரத்தின் படம் இவை நான்கும் கையில் இருக்கட்டும். எரிந்த பிறகு பேட்டரியில் எந்த எண்ணும் மிஞ்சாது. அதனால் அந்தப் படத்தை வாங்கிய அன்றே எடுத்து வையுங்கள்.